தோர்ணக்கல் அசரியா யார்? ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் தெலங்கானாவில் தோர்ணக்கல் ஜங்ஷனில் இறங்கியபோது, குவிமாடமும் மினாராக்களுமாக நின்ற ஒரு கிறிஸ்தவ ஆலயத்தைப் பார்த்தீர்கள். அதைக் கட்டியவர் ஒரு தமிழர் என்று அங்கே சொன்னார்கள். ஊர் திரும்பி விசாரித்தபோது ஒருவர் அவரைப் பெரிய சமூகச் சீர்திருத்தவாதி என்றார், இன்னொருவர் காந்தியே எதிரியாக எண்ணிய மதமாற்றக்காரர் என்றார், மூன்றாமவர் வெள்ளைக்காரர்கள் வைத்த பொம்மை என்றார். எது உண்மை என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: தம் மதத்தைப் பரப்புவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் ஏழைகளுக்குச் செய்ததைச் சமூகத் தொண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

இறையியல் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் திருச்சபை வரலாறு நடத்தியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் திருநெல்வேலிச் சபையில் பிறந்தவன். அசரியா அத்தியட்சரின் (அத்தியட்சர் என்றால் பிஷப்) பெயரைக் கேட்டே வளர்ந்தவன். உள்ளே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதும் உண்டு, தெரியாமல் போவதும் உண்டு. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், தேரி மணலும் பனைமரமுமான ஊர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அங்கே குருவானவர். அசரியா பதின்பருவத்தில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாயார் எல்லன்தான் மகனை ஆளாக்கினார். குடும்பம் நாடார் குடும்பம். அந்தக் காலத்தில் அதற்கு என்ன பொருள் என்பதைச் சொல்லாமல் அசரியாவை விளக்க முடியாது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது அசரியாவின் இருபதுகளில்தான். கீழ்க்கோர்ட்டில் தொடங்கி லண்டன் வரை போன அந்த வழக்கில் நாடார்கள் தோற்றார்கள். சிவகாசிக் கலவரம் நடந்தது 1899இல். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு சமூகம், மிஷன் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் வியாபாரத்தின் வழியாகவும் இரண்டு மூன்று தலைமுறைகளில் தலைநிமிர்ந்ததை அவர் தம் வீட்டிலேயே பார்த்தவர். பிற்காலத்தில் தெலுங்கு நாட்டுச் சேரிகளில் நின்று ‘உங்களாலும் முடியும்’ என்று அவர் சொன்னபோது, அது புத்தகத்தில் படித்த நம்பிக்கையாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் போனது அவருக்குத் திருப்புமுனை. அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வேறு ஊர்களுக்கு ஊழியர்களை அனுப்பிவந்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் இங்கிலாந்தின் கையை எதிர்பார்த்து நிற்கிறதே என்பது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. திருநெல்வேலிக் குடும்பங்களில் உலை வைக்கும்போது ஒதுக்கிய கைப்பிடி அரிசிதான் அதற்கு மூலதனம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த களம்தான் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல். 1905 கிறிஸ்துமஸ் தினத்தில் வங்காளத்துச் செராம்பூரில் கூடி, நாடு தழுவிய தேசிய மிஷனெரி சங்கத்தை உருவாக்கியவர்களிலும் அவர் முன்னணியில் இருந்தார். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஒப்பவில்லை. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல் போனார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு கற்றார்.

இனி ‘பொம்மை’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. ஆயிரத்து இருநூறுக்கும் அதிகமான பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேருக்குள்தான் இருப்பார்கள். அந்த மேடையில் அசரியாவுக்குக் கொடுத்த பொருள், இந்திய ஊழியர்களுக்கும் அந்நிய ஊழியர்களுக்கும் இடையிலான உறவு. மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்தியக் குருவானவரைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைக்காத மிஷனெரிகளைப் பற்றி, கைகுலுக்கக்கூடத் தயங்குகிறவர்களைப் பற்றி, சம்பளம் கொடுப்பவன், சம்பளம் வாங்குபவன் என்ற அளவிலேயே நின்றுபோன உறவைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். கடைசியாக, வேதாகமத்தில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை மனத்தில் வைத்து அவர் சொன்னது இது: “ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள். உங்கள் உடல்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.” அந்த அதிகாரம் தெரிந்தவர்களுக்கு இதன் கூர்மை புரியும். எல்லாவற்றையும் கொடுத்தும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்பதுதான் அங்கே பவுல் சொல்வது. அவையில் கோபம் எழுந்தது, பாராட்டியவர்களும் இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்பு, பேரரசு உச்சத்தில் இருந்த காலத்தில், அந்தப் பேரரசின் சபை மேடையிலேயே முப்பத்தைந்து வயது இந்தியர் இதைப் பேசினார். பொம்மை இப்படிப் பேசாது.

அதே சமயம், வெள்ளைக்காரர்களின் ஆதரவு இல்லாமல் அவர் அத்தியட்சர் ஆகியிருக்க முடியாது என்பதும் உண்மை. சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவருக்காக விடாமல் வாதாடினார். எடின்பரோவில் அந்தப் பொருளைத் தயங்காமல் பேசும்படி ஊக்கியவரும் அவரே. இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கன் சபை அப்போது சட்டப்படி இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு பகுதி. 1930 வரை அந்தப் பிணைப்பு அறுபடவில்லை. ஆகவே அத்தியட்சர் நியமனத்துக்கு அரசாங்கத்தின் இசைவு வேண்டியிருந்தது. ஓர் இந்தியரின் கையின்கீழ் ஆங்கிலேயக் குருமார் வேலை செய்வதா என்று மிஷனெரிகளில் பலர் எதிர்த்தார்கள். இதைவிட எனக்கு வருத்தம் தருவது, இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்த எதிர்ப்பு. அதில் சாதி கலந்திருந்தது. எல்லாவற்றையும் தாண்டி 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. கேரளத்துச் சிரியன் சபைகளில் இந்திய ஆயர்கள் அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இருந்தார்கள். ஆகையால் ‘முதல் இந்திய ஆயர்’ என்று பொதுவாகச் சொல்வது தவறு. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்பதே சரி. 1945இல் அவர் இறக்கும்வரை, ஒரு திருமண்டலத்தை, அதாவது ஓர் அத்தியட்சரின் ஆளுகைக்குட்பட்ட பகுதியை, முழுப் பொறுப்போடு ஆண்ட ஒரே இந்தியராகவும் அவரே இருந்தார். உதவி அத்தியட்சர்களாகச் சில இந்தியர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். முப்பத்திரண்டு ஆண்டுகளில் இன்னொருவரைக்கூட அந்த இடத்துக்கு உயர்த்த மனம் வராத சபை அது. அவர்மீது பொம்மை என்ற பட்டம் ஒட்டாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோர்ணக்கலில் அவர் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அவர் போனபோது அது காட்டுப்பகுதியை ஒட்டிய ரயில் சந்திப்பு. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை அங்கிருந்து பிரிந்தது. தொடக்கத்தில் கூடாரத்தில்தான் தங்கினார். சிறியதாகத் தொடங்கிய திருமண்டலம், 1920களில் கிருஷ்ணா மாவட்டம் முதலான பகுதிகளில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கங்கள் நடத்திய சபைகளும் சேர்ந்தபோது மிகப் பெரிதாகிவிட்டது. அங்கே கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு ஒடுக்கப்பட்ட சாதியினர். மாலாக்கள் வயல் கூலிகளும் நெசவாளிகளும். மாதிகாக்கள் தோல் வேலை செய்பவர்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் அதன் இறைச்சியை உண்பதும் அவர்கள்மீது ஊர் சுமத்திய நிலை. நிஜாம் சீமையில் வெட்டி சாகிரி என்ற கட்டாயக் கூலியில்லா வேலை வேறு. இந்த இரு சாதிகளும் ஒன்றையொன்று தொடாது. ஒருவர் கிணற்றில் மற்றவர் தண்ணீர் எடுக்க முடியாது.

அசரியா இந்த ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று சொல்லி அவற்றுக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். பேச்சோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சேரியிலும் ஓர் ஆசிரியரையும் அவர் மனைவியையும் குடியமர்த்துவதுதான் அவருடைய வேலைமுறையின் அச்சாணி. அந்த ஆசிரியரும் பெரும்பாலும் அதே சமூகத்தில் பிறந்தவர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, பொழுது சாய்ந்து கூலிவேலை முடிந்து வருகிறவர்களுக்குச் செபமும் பாட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் சேரிக்குள் இருக்கிறார் என்பதே, கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கிற மனிதனுக்கு எத்தனை பெரிய பலம் என்று எண்ணிப் பாருங்கள். இப்படி ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அந்தத் திருமண்டலத்தில் இருந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்கள், மருத்துவ நிலையங்கள், அச்சகம், தொழிற்பயிற்சி என்று மற்றவை அதைச் சுற்றி வளர்ந்தன.

குருமாரை உருவாக்கியதில் அவருக்கிருந்த பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரி கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊர் ஆசிரியராகப் பல ஆண்டுகள் உழைத்துப் பேரெடுத்தவர்களையே குருப்பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார். தோர்ணக்கல் இறையியல் பள்ளிக்கு அவர்கள் மனைவி மக்களோடு வந்து, சின்ன வீடுகளில் தங்கி, நிலத்தில் வேலை செய்துகொண்டே தெலுங்கில் படித்தார்கள். மனைவியருக்கும் தனியே பாடம் உண்டு. அசரியாவின் துணைவியார் அன்பு அம்மையார் பெண்களுக்கான பணிகளில் முழுமூச்சாக நின்றார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பை எட்டிய முதல் சிலரில் ஒருவர் அவர். கணவனுக்கு மட்டும் படிப்புக் கொடுத்தால் சேரியில் பாதிதான் மாறும் என்பதை இருவரும் தெரிந்துவைத்திருந்தார்கள். நான் பயிற்சி கொடுத்த மாணவர்களின் மனைவியரில் எத்தனை பேருக்கு இந்த வாய்ப்பு இருந்தது என்று நினைக்கும்போது, நாம் பின்னால் போயிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

காணிக்கை விஷயத்திலும் அப்படித்தான். பரம ஏழையிடமும் அவர் காணிக்கை கேட்டார். நெல்லோ, சோளமோ, கோழியோ, முட்டையோ, எது இருக்கிறதோ அது. இது கொடுமையாகச் சிலருக்குப் படலாம். அவருடைய வாதம் வேறு. தலைமுறை தலைமுறையாக எஞ்சியதை வாங்கித் தின்றே பழக்கப்பட்ட ஒரு மனிதன், தானும் கொடுக்கக்கூடியவன் என்று உணர்கிற நாளில்தான் அவன் முதுகு நிமிர்கிறது என்று அவர் நம்பினார். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களின் விசுவாசத்தை அத்தியட்சர் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற வந்த கூட்டத்தில் ஒவ்வொருவரையும் தன் தலையில் தானே கைவைத்துக்கொண்டு, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்லச் சொல்வார். ஊருக்குள் வாய் திறந்து பேசவே உரிமையில்லாதவனுக்குப் பேசுகிற கடமையைக் கொடுப்பது அது. மதம் பரப்புவதையும் சமூக விடுதலையையும் இரண்டாகப் பிரித்து நீங்கள் கேட்டீர்கள். அவருக்கு அந்தப் பிரிவினையே கிடையாது. நாம் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அவர் வேலையைக் கத்தரித்து இது தொண்டு, இது மதம் என்று இரு குவியலாக வைக்க முடியாது.

விளைவுகளில் எவை உறுதியானவை, எவை விவாதத்துக்குரியவை என்று சொல்லிவிடுகிறேன். 1940களின் தொடக்கத்தில் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது உறுதி. குருமாரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதும் உறுதி. 1930களில் சேரிக்கு வெளியே இருந்த சாதி இந்துக் குடும்பங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். தங்கள் வயலில் வேலை செய்த மாலா, மாதிகா கூலிகளிடம் கண்ட மாற்றமே தங்களை இழுத்தது என்று அவர்களில் பலர் சொன்னதாக அக்கால அறிக்கைகள் பதிவு செய்தன. இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று எச்சரிக்கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை எழுதியவர்கள் மிஷனைச் சேர்ந்தவர்கள். மகிழ்ச்சியான செய்தியைத் தேடிப் போனவர்கள். கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை அசரியா தொடங்கி வைத்தார் என்று சொல்வதும் சரியில்லை. 1878இல், அவர் நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தையாக இருக்கும்போதே, ஓங்கோல் பக்கம் பாப்டிஸ்ட் மிஷனில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பஞ்சம் முடிந்த நேரம் அது. ஏன் மாறினார்கள் என்ற கேள்வியும் அன்றிலிருந்தே இருக்கிறது. அசரியா தலைவராக இருந்த தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கமே அதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1933இல் அறிக்கை வெளிவந்தது. பக்தி, மரியாதை, பாதுகாப்பு, உறவினர் போன வழி என்று காரணங்கள் கலந்தே கிடந்தன. மனிதர்கள் அப்படித்தானே முடிவெடுக்கிறார்கள்.

காந்தியின் ஆட்சேபம் இங்கேதான் நுழைகிறது. 1935 அக்டோபரில் யேவலாவில் ‘இந்துவாகச் சாக மாட்டேன்’ என்று அம்பேத்கர் அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றம் நாடு முழுவதும் கொதிக்கும் பிரச்சினையானது. ஆராய்ந்து முடிவெடுக்கும் வசதியில்லாத எளிய மக்களைக் கூட்டமாக மதம் மாற்றுவது அவர்களுடைய மனச்சாட்சியைத் தொடாத காரியம் என்று காந்தி ஹரிஜன் இதழில் திரும்பத் திரும்ப எழுதினார். தெலுங்குப் பகுதி மிஷன்களின் வளர்ச்சிக் கணக்கையும் அவர் விமரிசித்தார். ஏழையானாலும் எழுத்தறியாதவனானாலும் கடவுளைத் தேடவும் தேர்ந்தெடுக்கவும் அவனுக்கு அறிவு உண்டு என்பது அசரியாவின் நிலை. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. என் சாய்வு உங்களுக்கே தெரியும். காந்தி அவரைத் தம் ‘முதல் எதிரி’ என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அது பிறர் வாய்வழியாக வந்த செய்தி. காந்தியின் எழுத்தாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டாதீர்கள்.

இருவரும் ஒத்துப்போன இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனித்தொகுதி விவகாரம் அது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுக்க 1932இல் பிரிட்டிஷ் அரசு முன்வந்தபோது, கிறிஸ்தவத் தலைவர்கள் பலர் அதை வரவேற்றார்கள். அசரியா எதிர்த்தார். சபை ஓர் அரசியல் சமூகமாகச் சுருங்கி, தலையெண்ணி உரிமை கேட்கும் கூட்டமாகிவிடும் என்று அஞ்சினார். தம் திருமண்டலத்தில் தலைகள் பெருகிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆள் சேர்த்து அரசியல் பலம் தேடியவராக இருந்திருந்தால் அந்த வாய்ப்பை அவர் விட்டிருக்க மாட்டார். மதமாற்றத்தைப் பற்றி எந்த நிலைப்பாடு எடுத்தாலும், அவர் நோக்கத்தை எடைபோடும்போது இந்தச் சான்றை ஒதுக்க முடியாது.

அவரிடம் குறையே இல்லை என்று சொன்னால் நான் நல்ல ஆசிரியன் இல்லை. அவர் கட்டளையிட்டுப் பழகியவர். இங்கிலாந்துச் சபையின் ஒழுங்குமுறைகளைப் பெரிதும் நேசித்தவர். தெலுங்குக் கீர்த்தனைகளையும் கோலாட்டத்தையும் பறையொலியையும் ஆராதனைக்குள் வரவேற்ற அதே மனிதர், சேரி மக்களின் வழக்கங்களில் பலவற்றை இருட்டு என்று ஒதுக்கினார். எது நாகரிகம் என்ற அவர் அளவுகோலில் விக்டோரியா காலத்து மிஷன் பங்களாவின் வாசனை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கடனைப் பேய் என்று சொன்னார். கடன் கொடுக்கிற நிலவுடைமையின் வேரை அவர் அசைக்கவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் அதே தெலங்கானா மண்ணில் உழவர்கள் நிலத்துக்காக ஆயுதம் எடுத்தார்கள். பள்ளிக்கூடமும் கூட்டுறவுச் சங்கமும் தொடாத ஒரு நோய் அங்கே இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அயல்நாட்டுப் பணத்தை விட்டு நிற்க வேண்டும் என்று இளமையில் அவர் கண்ட கனவும் அவ்வளவு பெரிய திருமண்டலத்தில் முழுமையாகக் கைகூடவில்லை.

நீங்கள் பார்த்த ஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது அவர் கால்நூற்றாண்டு காத்திருந்து கட்டியது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்தார்கள். கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடமும் மினாராக்களும், எல்லாவற்றுக்கும் மேலே சிலுவை. சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலிக்கன் பேராலயங்கள் இங்கிலாந்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருக்க, நிஜாம் சீமையின் ஒரு கிராமத்தில் இப்படி ஒன்றை எழுப்பியதில் அவர் மனம் தெரிகிறது. உள்ளே நடப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே மாலாவும் மாதிகாவும் ஒரே வரிசையில் முழங்காற்படியிட்டு ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து வாங்கினார்கள். எடின்பரோவில் மிஷனெரியின் மேசையைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியைத் தம் மக்களிடமும் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: யாரோடு யார் சேர்ந்து உண்கிறீர்கள்? சபைக்குள் சாதி செத்துவிட்டது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. மாலா, மாதிகா சண்டை அவரைக் கடைசிவரை வாட்டியது.

அவருடைய பிற்கால உழைப்பில் பெரும்பகுதி சபைகளை ஒன்றாக்குவதில் போனதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் முப்பத்து மூன்று பேர் கூடி, பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். ஏறத்தாழ எல்லோரும் இந்தியர்கள். முன்நின்றவர்களில் அசரியா ஒருவர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்ற பிரிவுகளெல்லாம் ஐரோப்பாவின் சண்டைகளில் பிறந்தவை. அவற்றை எங்கள் சேரிகளில் கொண்டுவந்து இறக்காதீர்கள் என்பது அவர் வாதம். 1927இல் லொசானில் நடந்த உலக மாநாட்டிலும் அதையே சொன்னார்: உங்கள் நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவம்.

அம்பேத்கரோடு அவருக்கு நடந்த ஒரு சந்திப்பை அவருக்கு நெருக்கமாக இருந்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். எழுத்து ஆவணம் இல்லை, நினைவிலிருந்து வந்த செய்தி. அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆனால் எங்கே வாழ்ந்தாலும் ஒரே சபையாக இருப்போமா என்று அம்பேத்கர் கேட்டாராம். அங்கே சாதி வேற்றுமை அறவே இல்லாமல் இருக்குமா என்றும் கேட்டாராம். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடியாமல், வாழ்க்கையில் அதுவரை படாத வெட்கத்தோடு திரும்பி வந்தேன் என்று அசரியா சொன்னதாக அவர்கள் கூறுகிறார்கள். 1945 ஜனவரி 1 அன்று அவர் இறந்தார். தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, நான்கு வெவ்வேறு மரபுகளில் வந்தவர்கள் ஒரே சபையானது 1947 செப்டம்பர் 27 அன்று; அதை அவர் பார்க்கவில்லை. அம்பேத்கரின் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அன்று கிடைத்தது. இரண்டாவது கேள்வியை நான் இருபத்தாறு ஆண்டுகளும் வகுப்பில் எழுப்பினேன். ஒவ்வோர் ஆண்டும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மாணவர் யாராவது ஒருவர் எழுந்து, தம் ஊர்ச் சபையில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது என்று சொல்வார்.